சவரி சார் போட்ட கட்டம்

தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று யாராவது கேட்டுவிட்டால், சவரி சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எந்த ஒருத்தர்? பேரைச் சொல்லுங்க" என்பார். கேட்டவர் திருதிருவென்று விழிப்பார். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற துறையிலேயே முப்பத்தோரு வருஷம் புள்ளியியல் ஆய்வாளராக இருந்தவர் இப்படிப் பேசலாமா என்றால், அவர்தான் பேசலாம். குழம்பில் என்னென்ன விழுந்தது என்று அதைக் கிண்டியவனுக்குத்தானே தெரியும்.

அரசாங்கம் யாருடைய சட்டைப் பையையும் துழாவிப் பார்த்து வருமானத்தை எழுதுவதில்லை. மாவட்டத்தில் இந்த ஆண்டு எவ்வளவு மாம்பழம், எவ்வளவு பால், எத்தனை லாரி ஓடியது, எத்தனை பேருக்குச் சம்பளம் போனது என்று ஒவ்வொன்றாக மதிப்பிடுவார்கள். விலை போட்டுக் கூட்டுவார்கள். விதைக்கும் உரத்துக்கும் டீசலுக்கும் போனதைக் கழிப்பார்கள். மிச்சத்தை மக்கள் தொகையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று ஓர் எண் வரும். அது புத்தகமாக அச்சாகி, சென்னையில் யாரோ ஒருவர் மேசையில் போய் உட்காரும்.

இதில் நிலக்கடலையின் பங்கு எப்படி வருகிறது? எத்தனை ஏக்கர் என்பதை வி.ஏ.ஓ. கணக்கு சொல்லும். ஏக்கருக்கு எவ்வளவு காய்த்தது என்பதை எல்லா வயலிலும் போய்ப் பார்க்க முடியாது. ஊருக்கு நான்கு வயலை ரேண்டம் நம்பரால் எடுத்து, ஒவ்வொரு வயலிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தக் கட்டத்துக்குள் விளைந்ததை மட்டும் பிடுங்கி எடை போடுவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை அரசாங்கம் இத்தனை படிவம் போட்டுச் செய்கிறது. அந்தச் சோற்றை நசுக்கிப் பார்க்கும் விரல்தான் சவரி சார்.

பாலக்கோடு பக்கம் ஒரு கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இரண்டு ஏக்கர் மானாவாரி வருமானத்தில் படித்து, கணக்கில் பட்டம் வாங்கி, தேர்வெழுதி வேலைக்கு வந்தார். கயிறு, நான்கு குச்சி, ஒரு தராசு, பழைய மோட்டார் சைக்கிள். இதுதான் அவர் உலகம். வெயிலில் போய் நிற்கிற மனிதருக்கு விவசாயிகள் இளநீர் வெட்டி நீட்டுவார்கள். வாங்க மாட்டார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டுவார். "மோரு குடுத்தாக்கூட எடை போட்டுத்தான் குடிப்பீங்க நீங்க" என்று அவர் மனைவி சில்வியா கேலி செய்வாள்.

ஒருமுறை மாரண்டஹள்ளி பக்கம் நல்லா விளைந்த ஒரு வயலில், எருமை புகுந்து மேய்ந்த மூலையில் நம்பர் விழுந்தது. வயல்காரர் அழாத குறை. "சார், பத்தடி தள்ளிப் போட்டுக்கங்க சார். அங்க எப்டி கெடக்குது பாருங்க." சவரி சார் மசியவில்லை. மேய்ந்துபோன இடத்தில் இருந்த நாலு செடியைப் பிடுங்கி எடை போட்டு எழுதினார். நம்பர் விழுந்தால் விழுந்ததுதான். அந்த ஒரு பிடிவாதத்தில்தான் அவர் தலை நிமிர்ந்து நடந்தார். அதில் எனக்கும் அவர் மேல் மரியாதை உண்டு. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லும்போது வயிறு எரிகிறது.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது நடந்தது இது. மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இடம் காலி. மகள் பிளசிக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தது. முழங்கால் வேறு வண்டியை உதைக்கும்போதெல்லாம் உயிரை வாங்கியது.

புரட்டாசி ஆரம்பத்தில் நரிமேட்டுக்கொட்டாய்க்குப் போனார். கம்பைநல்லூரிலிருந்து உள்ளே போகும் மேட்டுக்காட்டு ஊர். ஆடியில் ஒரு மழை பெய்து எல்லாரையும் விதைக்க வைத்துவிட்டு, ஆவணியில் வானம் வாயை மூடிக்கொண்டது. நிலக்கடலைச் செடிகள் முழங்கால் உயரம்கூட இல்லாமல் இலை சுருண்டு நின்றன. நான்கு வயல்களில் நான்காவது மாதப்பனுடையது. ஒன்றரை ஏக்கர் மானாவாரி. கிணறு இல்லை, போர் இல்லை.

அன்றைக்கு வயலைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். கட்டம் போடுவதை அறுவடை நாளில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. முன்கூட்டியே போட்டால் எந்த இடம் என்று வயல்காரருக்குத் தெரிந்துவிடும், தெரியக் கூடாது. முப்பத்தோரு வருஷமாக இந்த விதியைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆனால் அன்றைக்கு முழங்கால் வலித்தது. இவ்வளவு தூரம் வந்ததோடு குச்சியை அடித்துவிட்டால் அறுவடை நாளில் ஒரு மணி நேரம் மிச்சம் என்று நினைத்தார். காய்ந்த காட்டில் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? தென்மேற்கு மூலையிலிருந்து நம்பர்படி காலடி எண்ணிப் போய், நான்கு குச்சியை அடித்து, மஞ்சள் நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்.

மாதப்பன் தோளில் துண்டோடு பின்னாலேயே நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"ஏனுங் சார், இவ்ளோ காட்டுல எங்கொல்லைய மட்டும் எப்டிங்க எடுத்தீங்க?"

"நாங்க எடுக்கறது இல்லீங்க. நம்பர் விழுவும். ஊருக்கு நாலு கொல்லை. அந்த நாலுல என்ன வெளைஞ்சிருக்குதோ அதுதான் ஊருக்கே கணக்கு."

"ஊருக்கேங்களா?"

"ஊருக்கே."

மாதப்பன் கட்டத்தை ஒரு தரம் சுற்றி வந்தார். "சீட்டு குலுக்கிப் போடற மாதிரிங்களா சார்? எங்க மாரியம்மன் பண்டிகைக்கு முளைப்பாரி போடற வூட்ட அப்டித்தாங்க எடுப்பாங்க. எந்த வூட்டுக்குச் சீட்டு வுழுவுதோ அவுங்கதான் ஊருக்காவ முளை போடணும். எங்க வூட்டுக்கு எங்கப்பன் காலத்துல இருந்து ஒருதடவகூட வுழுந்ததில்லீங்க."

சவரி சார் சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது. "இப்பதான் வுழுந்துருச்சில்ல" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

விளையாட்டாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் அன்று மாலையே மறந்தார். மாதப்பன் மறக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து, ஐப்பசியில், அறுவடைப் பரிசோதனைக்கு வந்தார். மற்ற மூன்று வயல்களையும் முந்தைய இரண்டு நாட்களில் முடித்திருந்தார். ஒன்றில் ஒரு கிலோ நானூறு கிராம், ஒன்றில் ஒரு கிலோ நூறு, இன்னொன்றில் ஒரு கிலோ எழுநூறு. பொக்குக்காயும் மண்ணுமாக. வருமானக் கணக்குக்குப் போகிற இதே எடைதான் பயிர்க் காப்பீட்டுக்கும் போகும். நான்கு கட்டங்களின் சராசரி ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் ஊரில் கட்டணம் கட்டிய எல்லாருக்கும் இழப்பீடு. மேலே இருந்தால் யாருக்கும் இல்லை. தனித்தனி வயலுக்கென்று ஒன்றும் கிடையாது. முந்தின நாள் டீக்கடையில் பெரியண்ணன் கேட்டபோது, "மூணு கொல்லையிலயும் ஒண்ணுமில்ல. கண்டிப்பா வந்துரும்" என்று சவரி சாரே சொல்லியிருந்தார். டீக்கடை பெரியண்ணனிடம் சொன்னால் ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. நூற்றிருபது குடும்பம் அந்த வார்த்தையை நம்பி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டது.

வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

காடு முழுக்கக் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. நடுவில், பாய் விரித்த மாதிரி, ஐந்துக்கு ஐந்து பச்சை. கயிற்றுக்கு உள்ளே செடிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து அடர்ந்து நின்றன. கயிற்றுக்கு வெளியே ஒரு முழத்தில் பச்சை வெளுத்து, அப்புறம் வெறும் சருகு. குச்சிகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

மாதப்பன் வெளுத்த வேட்டியில் நின்றிருந்தார். அவர் மனைவி குள்ளம்மாள் பண்டிகைப் புடவை கட்டியிருந்தாள். அவள் கையில் ஒரு சொம்பு மோர்.

"என்னங்க இது?" என்றார் சவரி சார்.

"தண்ணி ஊத்துனங்க சார்." மாதப்பன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ராஜாமணி போர்ல இருந்து. தெனம் இருவது கொடம். அவுரு சும்மா வுட மாட்டாருன்னு அவுரு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டங்க. இவ தலையில பத்து, நான் தோள்ல பத்து. மொதல்ல ஊர்ல சிரிச்சாங்க. சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறாங்க."

"ஏங்க ஊத்துனீங்க?"

இப்படியும் ஒரு கேள்வியா என்று மாதப்பன் பார்த்தார். "நீங்கதான சார் சொன்னீங்க, ஊருக்கே கணக்குன்னு. சீட்டு வுழுந்த வூட்டுக்காரன் முளையை வாட வுடலாங்களா? அரசாங்கத்துல இருந்து வந்து பாக்கறீங்க. நரிமேட்டுக்கொட்டாயான் ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன்னு எழுதிட்டுப் போவக்கூடாதில்லீங்களா?"

"அரை மைலுங்கய்யா" என்றாள் குள்ளம்மாள். "எனக்குக் கழுத்து திரும்பறதில்ல. ஆனா பாருங்க, எப்டிக் காச்சிருக்குதுன்னு." சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி உதிர்ந்திருந்ததை அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

சவரி சார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கணக்கு அவருக்கு மனத்திலேயே ஓடியது. இந்தக் கட்டத்தில் எட்டு கிலோ அறுநூறுக்கு மேல் வந்தால் சராசரி காப்பீட்டு அளவைத் தாண்டிவிடும். அதற்கு மேல் வரும் என்று செடியைப் பார்த்தாலே தெரிந்தது.

காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் சாட்சியாக வர வேண்டிய நிர்மலாதேவி இன்னும் வந்து சேரவில்லை. வண்டி பஞ்சர், அரை மணி நேரம் ஆகும் என்று போன் செய்திருந்தாள். அந்த அரை மணி நேரம் கர்த்தர் அவருக்குக் கொடுத்த நேரம் என்றுதான் நான் சொல்வேன். செய்ய வேண்டியது ஒன்றுதான். "கட்டத்தை நான் விதியை மீறி முன்னாலேயே போட்டுவிட்டேன், வயல்காரர் தண்ணீர் விட்டுவிட்டார், இந்தப் பரிசோதனை செல்லாது" என்று எழுதிக் கொடுத்தால் போதும். ரத்தாகும். ஊர் பிழைக்கும். ஆனால் அவருக்கு மெமோ வரும். விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் நிற்கும். தையில் பிளசியின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் 'சார் நேர்மையானவர்' என்பதைக் கேள்விப்பட்டுத்தான் பெண் கேட்டு வந்தார்கள்.

எழுந்தார். மாதப்பன் பக்கத்தில் போனார். தாழ்ந்த குரலில், "இப்ப ஒரு அம்மா வருவாங்க. தண்ணி ஊத்துனதச் சொல்லாதீங்க" என்றார்.

மாதப்பனின் முகம் சுருங்கியது. "ஏனுங் சார், தப்புங்களா?"

"தப்பில்ல. சொல்ல வேணாம். அவ்ளோதான்."

நிர்மலாதேவி வந்தாள். பொறுப்பான பெண். வந்ததும் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்த எடம் மட்டும் எப்படிங்க இப்படி இருக்கு?" என்று கேட்டாள். மாதப்பன் சவரி சாரைப் பார்த்தார். ஐந்து வாரம் சுமந்த தண்ணீரைப் பற்றிச் சொல்ல அவர் வாய் துடித்தது. "அந்த எடத்துல கொஞ்சம் ஈரம் தங்குமுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் வாழ்க்கையில் அதற்கு முன் எத்தனை பொய் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அதிகம் இருக்காது.

"கயிறு ரொம்ப வெளுத்திருக்கே சார்?"

"பழைய கயிறும்மா" என்றார் சவரி சார். ஐந்து வாரத்துக்கு முன் கம்பைநல்லூர்ச் சந்தையில் வாங்கிய புதுக் கயிறு அது. சவரி சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் மேற்கொண்டு துருவவில்லை.

நம்பர் விழுந்தால் விழுந்ததுதான் என்று எருமை மேய்ந்த மூலைக்குச் சொன்ன அதே மனிதர், செடிகளைப் பிடுங்கச் சொன்னார். ஈர மண்ணாதலால் ஒரு காய் அறாமல் கொத்துக் கொத்தாக வந்தன. குள்ளம்மாள் காய் ஆய்ந்தாள். தராசில் எட்டு கிலோ எண்ணூறு கிராம். "எட்டு எண்ணூறு" என்று நிர்மலாதேவி சத்தமாகப் படித்தபோது மாதப்பன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சவரி சார் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் போனதும் மாதப்பன் தயங்கித் தயங்கி வந்தார். "சார், எங்க ரெண்டு பேரையும் அந்தப் பச்சையில வச்சு ஒரு போட்டோ புடிங்க சார். சேலத்துல நர்சிங் படிக்குதுங்க எங்க பொண்ணு பூவிழி. அதுக்கு அனுப்பணும். எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு." பிடுங்கிய செடிகளைக் கட்டத்தின் ஓரத்தில் குவித்திருந்தார்கள். அதைப் பின்னால் வைத்து, குச்சியும் கயிறும் தெரிய, இருவரும் விறைப்பாக நின்றார்கள். சவரி சார் தன் போனில் எடுத்தார். அப்புறம் அனுப்புகிறேன் என்றார்.

கம்பைநல்லூரில் டீ குடிக்க நின்றபோது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கயிறு வெயிலில் வெளுத்தது, குச்சியில் பழைய மஞ்சள், கயிற்றுக்கு வெளியே ஒரு முழத்தில் கோடு போட்ட மாதிரி பச்சை முடிகிற இடம். யார் பார்த்தாலும் விஷயம் புரிந்துவிடும். டீ ஆறுவதற்குள் அழித்துவிட்டார்.

பிளசியின் கல்யாணம் தையில் நன்றாக நடந்தது. பங்குனியில் இழப்பீட்டுப் பட்டியல் வந்தது. சுற்றியிருந்த ஏழு ஊருக்கும் வந்தது. நரிமேட்டுக்கொட்டாய்க்கு இல்லை. சராசரி மூன்று கிலோ இருநூற்றைம்பது. காப்பீட்டு அளவு மூன்று இருநூறு. ஐம்பது கிராம். ஒரு கை நிலக்கடலை.

அந்த வாரத்தில் மாதப்பன் தருமபுரிக்கு வந்து, நாலு பேரைக் கேட்டு, அலுவலகத்தைக் கண்டுபிடித்து வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை நிறைய நிலக்கடலை. "அந்தக் கட்டத்துக் கல்லக்காங்க சார். வெதைக்கு வச்சிருந்தது. ஒங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்தாந்தேன்." மேசையில் வைத்தார். பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க ஊருக்கு மட்டும் ஏனுங் சார் வரல? மூணு கொல்லையில ஒண்ணுமில்லன்னு நீங்களே சொன்னீங்களாமே. ஊர்ல கேக்கச் சொன்னாங்க."

"சராசரி கொஞ்சம் கூடிப்போச்சுங்க."

"எதுலங்க கூடுச்சு?"

சவரி சார் எதிரே இருந்த கோப்பைத் திறந்தார், மூடினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பதில் சொல்லாத அந்த நேரத்திலேயே மாதப்பனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தண்ணி ஊத்துனதுனாலயாங்க?"

சவரி சார் தலையசைத்தார்.

"நான் ஊத்துனதுனால."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'நீங்க ஊத்துனது தப்பில்ல, ஊத்தற மாதிரி நான்தான் முன்னாலயே கட்டம் போட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். சவரி சார் சொல்லவில்லை. மாதப்பன் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "சரிங்க சார்" என்று எழுந்து போனார். பை மேசையிலேயே இருந்தது. ஆயுசில் ஓர் இளநீர் வாங்காத மனிதர் அந்தப் பையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். வண்டு விழுந்து மாவாகிற வரை அது அங்கேயே இருந்தது.

மாதப்பன் நேராக ஊருக்குப் போய் மாரியம்மன் கோயில் முன்னால் நின்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாராம். 'நான் ஊத்துன தண்ணியாலதான் உங்களுக்கெல்லாம் வரல' என்று. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனால் கேனை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குள்ளம்மாள் தண்ணிக்குப் போனால் குழாயடி காலியாகிவிடும். இழப்பீட்டை நம்பியிருந்த பூவிழியின் இரண்டாம் வருஷப் படிப்பு நின்றது. சித்திரையில் மூன்று பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். சவரி சாருக்கு இதையெல்லாம் வி.ஏ.ஓ. சொன்னார். சவரி சார் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வைகாசிக் கடைசியில் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள். "ஓர் இளநீர்கூட வாங்காத மனிதர்" என்று அதிகாரி மைக்கில் சொன்னபோது சவரி சார் தேம்பித் தேம்பி அழுதார். பிரிவுத் துயரம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு அவர் முதுகைத் தட்டினார்கள். அன்றைக்கு அவர் மேசையில் மாவட்ட வருமானப் புத்தகத்தின் புது ஆண்டுப் பிரதியும் இருந்தது. தலைக்கு வருமானம் கூடியிருந்தது. நிலக்கடலைப் பக்கத்தைப் புரட்டினார். குள்ளம்மாள் தலையில் சுமந்த பத்துக் குடமும் அந்த எண்ணுக்குள் எங்கோ இருந்தது. அவர்கள் இப்போது பெங்களூரில் தூக்கும் செங்கல் வேறு மாநிலத்தின் கணக்கு. இரண்டையும் எழுதத் தெரிந்த அவருக்கு, அவர்கள் இழந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஓய்வூதிய உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் துணிச்சல் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவருக்கும் இருந்தது. நடந்ததை முழுசாக எழுதிப் பழைய அலுவலகத்துக்கு அனுப்பினார். ஆட்சேபணை தெரிவிக்கும் காலம் முடிந்துவிட்டது, விவரங்கள் இறுதி செய்யப்பட்டுவிட்டன என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சில்வியாவிடம் அப்போதுதான் சொன்னார். "ஏங்க, அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா பிளசி கல்யாணத்தத் தள்ளி வச்சிருப்பேனேங்க" என்றாள்.

ஆடிக் கடைசியில் நரிமேட்டுக்கொட்டாய்க்குப் போனார். அந்த வருஷம் மழை வஞ்சனை இல்லாமல் பெய்திருந்தது. காடெல்லாம் நிலக்கடலை பூத்துக் கிடந்தது. பெரியண்ணனின் டீக்கடையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் நின்று, தப்பு மாதப்பனுடையது இல்லை, தன்னுடையது என்று சொன்னார். பெரியண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அந்த மனுசன் ஊர்லயே இருந்திருப்பான் சார். நாங்களும் பாவம் பண்ணியிருக்க மாட்டோம்."

ஒரு சிகரெட் அட்டையில் மாதப்பனின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

சவரி சார் மாதப்பனின் கொல்லைக்குப் போனார். அது ஒன்றுதான் உழாமல் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. வரப்பில் நின்று போன் செய்தார். நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் கலவை இயந்திரம் ஓடும் சத்தம்.

"மாதப்பன் அண்ணங்களா? நான் சவரி பேசறங்க. தருமபுரி."

"சார்! நல்லா இருக்கீங்களா சார்?"

எல்லாவற்றையும் சொன்னார். விதியை, முழங்கால் வலியை, பழைய கயிறு என்று சொன்ன பொய்யை. தப்பு என்னுடையது, ஊரிலும் சொல்லிவிட்டேன், ஊருக்கு வந்துவிடுங்கள் என்றார். சொல்லும்போது அழுதார்.

"அழுவாதீங்க சார்" என்றார் மாதப்பன். "ஊருக்கு வந்து என்னங்க பண்றது. பாப்பா இங்க துணிக் கம்பெனியில சேந்துருச்சு. இவளுக்குக் கழுத்து வலின்னு ஒரு ஆசுபத்திரியில பாக்கறோம். வுடுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "சார், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தங்க. அன்னிக்கு ஒரு போட்டோ புடிச்சீங்கல்ல? எங்க ரெண்டு பேரையும் வச்சு. அது இருக்குதுங்களா? பாப்பா போனுக்கு அனுப்பறீங்களா? எங்கொல்லையில அப்டி ஒரு பச்சைய நாங்க பாத்ததே இல்லீங்க சார். இவ தெனமும் சொல்லிட்டே இருக்கா."

சவரி சார் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லீங்க" என்றார். "அன்னிக்கே அழிச்சிட்டங்க."

மாதப்பன் ஏன் என்று கேட்கவில்லை. "செரிங்க சார்" என்றார். யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வந்துட்டேன் என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் கேட்டார்.

"சார், நம்ம பக்கம் மழை உண்டுங்களா இப்ப?"

"இருக்குதுங்க. நல்ல மழை. ஊரெல்லாம் பூ எடுத்துருச்சு."

"அப்ப இந்த வருசம் ஒருத்தருக்கும் கொறை இருக்காது" என்றார் மாதப்பன். குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. சவரி சார் அந்தக் களை மண்டிய கொல்லையைப் பார்த்தபடி, ஆமாங்க என்றார்.